பெங்களூரு காரைக் கோவைக்குக் கொண்டுவரும்போது: பதிவெண் மாற்றம் குறித்த இழை

3 ஜூன் 2024 – வாசகர் கேள்வி

2018-ல் பெங்களூரில் வாங்கிய பெட்ரோல் கார் என்னிடம் உள்ளது. அடுத்த மாதம் குடும்பத்தோடு கோவைக்கே வந்துவிடுகிறேன். பன்னிரண்டு மாதம் வரை கர்நாடக எண்ணோடு ஓட்டலாம், சட்டமே அனுமதிக்கிறது, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். முப்பது நாள்தான் என்கிறார் இன்னொருவர். வங்கிக் கடனில் சில தவணைகள் பாக்கி இருக்கின்றன. இவர்களில் யார் சொல்வது சரி?

3 ஜூன், இரவு

இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இந்தியாவின் வேறு எந்த இடத்திலும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவிலேயே அதற்கு வரம்பு கட்டுகிறது. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் பதிவெண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பது 47-ஆவது பிரிவு. 49-ஆவது பிரிவு வேறொன்றைச் சொல்கிறது: ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் உள்ள முகவரியில் நீங்கள் குடியில்லாமல் போனால், முப்பது நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

முப்பது நாள் நண்பர் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருக்கலாம். அல்லது கர்நாடகத்தில் 2014-ல் வந்த வரித் திருத்தம் அவர் நினைவில் இருக்கலாம். வெளிமாநில வண்டி அங்கே முப்பது நாளுக்கு மேல் ஓடினால் ஆயுட்கால வரியைக் கட்டியாக வேண்டும் என்றது அந்தத் திருத்தம். 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் தமிழ்நாட்டு எண்ணோடும் கேரள எண்ணோடும் பெங்களூரில் ஓட்டியவர்கள் பட்ட பாட்டினால், தீர்ப்பு வந்த பிறகும் அந்த முப்பது நாள் கணக்கு ஊர் வாயிலிருந்து போகவில்லை.

உங்கள் கேள்வியில் முக்கியமான வாக்கியம் கடன் பாக்கி பற்றியது. அதை நாளை எழுதுகிறேன்.

4 ஜூன்

பெங்களூரிலிருந்து இதே கோவைக்குக் காரோடு இடம் மாறியவன் என்ற முறையில் சொல்வது இதுதான்: வேலை இருப்பது கோவையில் அல்ல, பெங்களூரில். புது மாநிலத்தில் கேட்பதெல்லாம் வரியும் வண்டியும் தாள்களும்தான். கையில் இருந்தால் காரியம் நடந்துவிடும். பழைய மாநிலத்தில் அந்த வண்டியின் பெயரில் திறந்து கிடக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடுவதில்தான் காலம் போகிறது. நீங்கள் அந்த ஊரில் குடியிருக்கும் வரை அது சில்லறை வேலை. வீட்டைக் காலி செய்துவிட்டால், ஒரு கையெழுத்துக்கு ஓர் இரவு பேருந்துப் பயணம்.

முதல் கணக்கு கடன். கடன் இருக்கும் வரை ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நிற்கும். கடனோடு மாநிலம் மாற்ற முடியாது என்பதில்லை. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றப் பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்றுக்கான 28-ஆம் படிவத்தில் கடன் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். வங்கியோ அந்தச் சம்மதத்தைக் கிளையில் கொடுக்காது. கிளையில் கேட்டால் மண்டல அலுவலகத்தைக் காட்டுவார்கள், மண்டல அலுவலகத்தில் மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார்கள். சில தவணைகளே பாக்கி என்றால், அடைத்துவிட்டு 35-ஆம் படிவத்தில் வங்கியின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கி, பெங்களூரு ஆர்.டி.ஓ.விலேயே எச்.பி. என்னும் கடன் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து ரத்து செய்துவிட்டு, அதன்பின் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பது மேல்.

ஒன்றைக் கவனியுங்கள். கடன் அடைந்தது என்ற வங்கிக் கடிதத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் இருந்துவிடுகிறார்கள். வாகன் இணையப் பதிவேட்டில் வங்கியின் பெயர் நீங்கும் வரை எதுவும் முடியவில்லை. பல வங்கிகள் அந்தக் கடிதத்துக்கு மூன்று மாதக் காலக்கெடு வைக்கின்றன. கெடு போனால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

4 ஜூன், மாலை

ஓசூரிலிருந்து ஒரு வாசகர், “அப்படியானால் பன்னிரண்டு மாதம் என்பது சலுகையா, பொறியா?” என்று கேட்டிருக்கிறார்.

பதிவு வேறு, வரி வேறு என்பதைப் பிரித்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். பதிவு மத்தியச் சட்டப்படி நடக்கிறது. வண்டிகள் மீதான வரி, அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனமாக மாநிலங்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு 1974-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் என்பது பதிவெண்ணுக்கான கெடு. வரியைப் பற்றி 47-ஆவது பிரிவு வாய் திறப்பதில்லை. சாலையில் மடக்கும் அதிகாரியிடம் மத்தியச் சட்டத்தைக் காட்டினால், அவர் மாநிலச் சட்டத்தைப் பற்றிப் பேசுவார். இருவரும் அவரவர் வழியில் சரியாகவே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இதனால் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். வண்டி எல்லை தாண்டிய நாளுக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்தால் ஃபாஸ்டேக் கணக்கில் சுங்கச்சாவடிகளின் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். அந்தக் கணக்கை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பினால் அந்த ரசீது. தங்கிய காலம் குறித்து எவராவது சந்தேகம் எழுப்பினால், வாய்ச்சொல்லைவிட அது பேசும்.

6 ஜூன்

இரண்டாவது கணக்கு அபராதம். பெங்களூரில் கேமரா பிடித்த அபராதம் உங்களுக்குத் தெரியாமலே நிலுவையில் கிடக்கும். 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதத்துக்குப் பாதித் தள்ளுபடி அறிவித்தபோது கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். தங்கள் வண்டியின் பெயரில் எத்தனை வழக்குகள் இருந்தன என்பதை அப்போதுதான் பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள். நிலுவை இருந்தால் விண்ணப்பம் நகராது. வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் கட்டி, ரசீதைச் சேமித்துவிடுங்கள். அபராதம் நியாயமா என்று வழக்காட இது நேரமன்று.

6 ஜூன், சற்று நேரம் கழித்து

“நான் சிக்னலைத் தாண்டவே இல்லை, ஏன் கட்ட வேண்டும்?” என்று ஒருவர் சீறியிருக்கிறார். தாராளமாக வழக்காடுங்கள். தீர்ப்பு வரும் வரை கர்நாடக எண்ணோடு கோவையில் ஓட்டிக்கொண்டிருக்கலாம், பன்னிரண்டு மாதம்தான் இருக்கிறதே.

9 ஜூன்

இனி தடையின்மைச் சான்று, எல்லோரும் சொல்லும் என்.ஓ.சி. 48-ஆவது பிரிவு இதற்கானது. வண்டி பதிவான அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தோடு, ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, வரி கட்டியதற்கான ஆதாரம், முகவரி அடையாளத் தாள்கள், சேசிஸ் எண்ணின் (வண்டியில் குத்தியிருக்கும் அடையாள எண்) பென்சில் பிரதி ஆகியவை வேண்டும். வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்ற காவல்துறை அறிக்கையைச் சட்டமே கேட்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்திலிருந்து எடுக்கும் தாளை இதற்காக இணைக்கிறார்கள்.

முப்பது நாளுக்குள் அலுவலகம் கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருதப்படும் என்று அதே பிரிவு சொல்கிறது. வாசிக்க இனிமையான வரி. கருதப்பட்ட சான்றைக் கோவையில் எந்த எழுத்தரிடம் காட்டுவது என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. வாகன் பதிவேட்டில் சான்று ஏறினால்தான் இந்தப் பக்கத்துக் கணினியில் வண்டி தென்படும். ஆனாலும் அந்த வரியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கெடு கடந்தபின் எழுத்துமூலம் நினைவூட்டும்போது பிரிவைக் குறிப்பிட்டு எழுதினால், பதில் கொஞ்சம் வேகமாக வருவதைக் கண்டிருக்கிறேன்.

பென்சில் பிரதி பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் வேலை அதில்தான் சிக்கியது. பானெட்டைத் திறந்து, எண் குத்தியிருக்கும் உலோகப் பட்டையின் மேல் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் படலத்தை மண்ணெண்ணெய் நனைத்த வேஸ்ட் துணியால் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிய தாளை அதன்மேல் ஒட்டி, பென்சில் முனையைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்த்தால், எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். ஈரம் இருந்தால் தாள் கிழியும், முனை கூராக இருந்தாலும் கிழியும். அலுவலக வாசலில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பத்து விரலும் கறுத்திருக்கும், பிரதி மட்டும் அச்சடித்ததுபோல் இருக்கும்.

என் சான்றில் சேசிஸ் எண்ணின் நடுவே பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டச்சு செய்திருந்தார்கள். இடப் பெயர் வேண்டாம், பெங்களூரில் ஓர் அலுவலகம். பதினேழு இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் எப்போதுமே வருவதில்லை; ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக் கூடாது என்றுதான் உலகத் தரத்திலேயே அவற்றை விலக்கிவைத்தார்கள். இதை அங்கிருந்த எழுத்தரிடம் சொன்னபோது, “கணினி ஏற்றுக்கொண்டது சார்” என்றார். பென்சில் பிரதியைச் சான்றின் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகே திருத்தம் நடந்தது. ஆகவே சான்று கைக்கு வந்ததும், அலுவலகப் படியிறங்கும் முன், எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். கோவையில் கண்டுபிடிக்கப்பட்டால் மீண்டும் பெங்களூரு.

10 ஜூன் – கேள்வி கேட்ட வாசகர்

ஐயா, மிக்க நன்றி. இன்றே வங்கிக்கு எழுதிவிட்டேன். ஒரு சந்தேகம்: உயர் பாதுகாப்புப் பதிவெண் பலகையைப் பழைய வண்டிகளுக்கும் பொருத்தச் சொல்லிக் கர்நாடகத்தில் கெடு வைத்திருக்கிறார்களே, எண்ணே மாறப்போகும் வண்டிக்கு அதையும் செய்ய வேண்டுமா?

10 ஜூன், இரவு

நியாயமான சந்தேகம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு விற்பனையாளரே அந்தப் பலகையைப் பொருத்தித் தருகிறார். உங்களுடையது 2018, ஆகவே பழைய பலகைதான் இருக்கும். கர்நாடகத்தில் அதற்கான கெடுவைப் பலமுறை நீட்டித்துவிட்டார்கள். கெடு முடியும் முன்பே நீங்கள் சான்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவதாக இருந்தால், சில மாதங்களில் கழற்றி எறியப்போகும் பலகைக்குச் செலவழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் விண்ணப்பத்தின்போது பலகை இல்லாததைக் காரணம் காட்டித் தாமதப்படுத்துகிறார்களா என்று உங்கள் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்டால் பொருத்திவிடுங்கள். அந்தச் சில நூறு ரூபாயைக் காட்டிலும் தாமதம் அதிகம் தின்னும்.

புது எண் வந்தபின் தமிழ்நாட்டு எண்ணுக்கு எப்படியும் புதுப் பலகை வேண்டும். முன், பின் பலகைகளோடு மூன்றாவதாக முன்கண்ணாடியில் ஒட்டும் பதிவெண் ஸ்டிக்கரும் கூடவே வரும். பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

13 ஜூன்

பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதுக் கார்களுக்கு ஆயுட்கால வரி 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதமும் அதற்கு மேல் 15 சதவீதமும் இருந்தது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு வண்டியின் வயதைப் பொறுத்து இது குறையும். கர்நாடகத்தின் விகிதம் 13, 14, 17, 18 என்று ஏறும், அதன்மேல் செஸ் வேறு. அதாவது நாட்டிலேயே அதிகம் வரி வாங்கும் மாநிலங்களில் ஒன்றுக்கு ஒருமுறை கட்டிவிட்டு, இன்னொன்றுக்கு மறுபடி கட்டப்போகிறீர்கள்.

கணக்கு வண்டியின் அன்றைய விலையிலிருந்து தொடங்குவதால், வாங்கியபோது தந்த அசல் இன்வாய்ஸ் கட்டாயம் வேண்டும். அது தொலைந்திருந்தால், விற்ற ஷோரூம் இன்னும் பெங்களூரில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் முறிந்து மூடிப்போன ஷோரூம்கள் அந்த ஊரில் குறைவில்லை.

13 ஜூன், இரவு

இன்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மிச்சமுள்ள காலத்துக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குப் புது மாநிலத்தில் மறுபதிவு ஆனதற்கான ஆதாரம் வேண்டும். ஆகவே இங்கே எண் வந்த பிறகுதான் அங்கே விண்ணப்பிக்க முடியும். இங்கே எண் வாங்கும்போதோ பழைய ஆர்.சி.யைக் கொடுத்துவிடுவீர்கள். கொடுக்கும் முன் ஆர்.சி.யின் இரு பக்கங்களையும், வரி ரசீதையும், தடையின்மைச் சான்றையும் நகலெடுத்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் “அசல் எங்கே?” என்பார்கள், “உங்கள் சான்றைக் கொண்டுதான் அதை ஒப்படைத்தேன்” என்று காட்ட அந்த நகல் வேண்டும்.

திரும்பும் தொகை வண்டியின் வயது ஏற ஏறக் குறையும். இன்று வரும், நாளை வரும் என்று காத்திருக்காமல், வந்தால் வரவு என்று நினைத்துக்கொள்வதே உடம்புக்கு நல்லது.

17 ஜூன்

பாண்டிச்சேரியில் உறவினர் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, உரிமையாளர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிறுத்தப்படும் மாநிலத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. விலையுயர்ந்த கார்களைப் பாண்டிச்சேரிப் பொய் முகவரியில் பதிந்தவர்கள் மீது 2017-ல் கேரளத்தில் வழக்குகள் வந்து, செய்தித்தாள்களில் பெயர்கள் அடிபட்டன. வரியை மிச்சம் பிடிக்கப்போய்ப் பொய் ஆவண வழக்கில் நிற்பது எந்தக் கணக்கில் லாபம் என்று எனக்குப் புரியவில்லை. பாண்டிச்சேரியில் உண்மையாகவே குடியிருப்பவர்கள் தாராளமாக அங்கே பதியட்டும்.

19 ஜூன்

கோவைப் பக்க வேலை. விண்ணப்பம் 27-ஆம் படிவத்தில். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிரப்பி, கட்டணமும் வரியும் செலுத்தி, அச்செடுத்து, நாள் குறித்துக்கொண்டு வண்டியோடு போக வேண்டும். கோவையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் இருக்கின்றன, தெற்குக்கு டி.என். 37, வடக்குக்கு 38, மத்திக்கு 66. உங்கள் வீடு எதன் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, தடையின்மைச் சான்று கேட்கும்போதே அந்த அலுவலகத்தின் பெயரைக் கொடுங்கள். பெரியப்பா வீடு ஒரு பக்கம், பிடித்திருக்கும் வாடகை வீடு இன்னொரு பக்கம் என்றால், வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிதான் கணக்கு.

ஊரார் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பார். சேசிஸ் எண், இன்ஜின் எண், நிறம், இருக்கைகள், பிறகு வண்டியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா என்பது. முன்பம்பரில் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2012-லேயே அதைத் தடை செய்துவிட்டது. ஆய்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும், வரிசை முடியாது.

20 ஜூன்

ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா என்று மூவர் கேட்டதால் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கு இதில் இரு மனம் உண்டு. நேரடியாகப் போனால் நடக்கும் வேலைக்கு இடைத்தரகர் எதற்கு என்பது என் கொள்கை; கோவையில் நானே நின்று முடித்தேன், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் வேறு ஊரில் உள்ள அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்ல, வீட்டைக் காலி செய்தவருக்கு ஆள் வேண்டியிருக்கிறது. வைத்துக்கொண்டால் கட்டணத்தை முன்பே பேசுங்கள். அரசுக் கட்டணத்துக்கான ரசீது உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணுக்கு வர வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். குறிப்பாக 29, 30-ஆம் படிவங்களை. அவை உரிமை மாற்றத்துக்கானவை, இடமாற்றத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. “எதற்கும் இருக்கட்டும் சார்” என்று அவற்றை நீட்டுபவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

24 ஜூன்

மாநிலம் மாறினாலும் மாறாத பி.எச். (பாரத்) வரிசைப் பதிவெண் பற்றி இதுவரை எழுதாததற்குக் காரணம், கேள்வி கேட்டவர் தனியார் நிறுவன ஊழியர் என்பதும், அவர் நிறுவனத்துக்கு எத்தனை மாநிலங்களில் அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை என்பதும்தான். 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரிசை, பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களிலோ ஒன்றியப் பகுதிகளிலோ அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு உரியது. நிறுவனம் 60-ஆம் படிவத்தில் சான்று தர வேண்டும். வரியைப் பதினைந்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம்: 10 லட்சத்துக்குக் கீழ் 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 என்ற அடிப்படையில், டீசலுக்கு 2 கூடுதல், மின்வண்டிக்கு 2 குறைவு. ஊர் மாறினால் எண் மாறாது, என்.ஓ.சி. தேவையில்லை.

2022 டிசம்பரில் விதி திருத்தப்பட்டு, சாதாரண எண் கொண்ட வண்டியையும் இந்த வரிசைக்கு மாற்ற வழி ஏற்பட்டது. ஆனால் ஏற்கெனவே ஆயுட்கால வரியைக் கட்டி முடித்த ஆறு வயதுக் காருக்கு இது எவ்வளவு லாபம் என்று கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் வங்கி அதிகாரிக்கும் ராணுவத்தினருக்கும் இது வரப்பிரசாதம். கோவையிலேயே வீடு கட்டி உட்காரப்போகிறவருக்கு அவ்வளவு தேவை இல்லை. இரண்டு ஆண்டுக்கொருமுறை வரி கட்ட மறந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

27 ஜூன்

4-ஆம் தேதி எழுதியதை மறுபடி வாசித்தபோது, ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று தோன்றியது: இந்த வண்டியைக் கொண்டுவரத்தான் வேண்டுமா?

ஆறு வயதுப் பெட்ரோல் காருக்குக் கொண்டுவருவது சரி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதான காராக இருந்திருந்தால் என் பதில் வேறு. மறுபதிவு செய்தாலும் வண்டியின் பதினைந்து ஆண்டுக் கணக்கு முதல் பதிவிலிருந்தே எண்ணப்படும். புது எண் வந்துவிட்டதால் வண்டிக்கு வயது குறையாது. பதினைந்து முடிந்ததும் ஐந்து ஐந்து ஆண்டுகளாகத்தான் புதுப்பிக்க முடியும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறிவிட்டது. வரி, பலகை, அலைச்சல், எல்லாவற்றையும் கூட்டி, பெங்களூரிலேயே விற்றால் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளூர் எண்ணுள்ள வண்டிக்கு உள்ளூரில் விலை அதிகம். வெளிமாநில எண்ணைப் பார்த்ததும் பழைய கார் வாங்கி விற்கும் இங்குள்ள கன்சல்டிங்காரர் முதல் வார்த்தையிலேயே விலையைக் குறைப்பார்.

தடையின்மைச் சான்று வாங்கிய பிறகு மனம் மாறி, அங்கேயே விற்கலாம் என்றால், சான்றை முதலில் ரத்து செய்ய வேண்டியிருக்கும். எனவே இந்த முடிவு விண்ணப்பத்துக்கு முன்.

28 ஜூன்

நேற்றைய குறிப்புக்குப் பதிலாக, டெல்லியிலிருந்து வரும் மலிவான டீசல் கார்களை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தடை விதித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அதனால்தான் பார்க்கப் புதிதாக இருக்கும் வண்டி அந்த விலைக்குத் தெற்கே வரத் தொடங்கியது. வாங்குவதானால், என்.ஓ.சி. தமிழ்நாட்டின் பெயரில், உங்கள் எல்லைக்குரிய அலுவலகத்துக்கு வழங்கப்பட்டிருக்கிறதா என்று வாகன் தளத்தில் பார்த்த பிறகே முன்பணம். 50-ஆவது பிரிவின்படி விற்பவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வெளிமாநிலம் என்றால் 45 நாளிலும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். தமிழ்நாட்டு வரி உங்கள் தலையில். அதைச் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் வாங்குங்கள்.

2 ஜூலை

ஓட்டுநர் உரிமத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், அது நாடு முழுவதும் செல்லும். முகவரி மாற்றம் வேண்டுமானால் தனியாகச் செய்துகொள்ளலாம். வண்டியின் எண்ணோடு அதற்குத் தொடர்பில்லை. ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

9 ஜூலை – கேள்வி கேட்ட வாசகர்

கடன் முடிந்து எச்.பி. நீங்கிவிட்டது. அபராதம் மூன்று இருந்தன. அதில் இரண்டு, நான் ஊரில் இல்லாதபோது தம்பி ஓட்டியவை. தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன். காப்பீடு ஆகஸ்டில் முடிகிறது. பழைய எண்ணிலேயே புதுப்பிக்கவா, காத்திருக்கவா?

9 ஜூலை, இரவு

பழைய எண்ணிலேயே, கெடு முடியும் முன் புதுப்பியுங்கள். காப்பீடு ஒரு நாள் விட்டுப்போனாலும் ஆய்வின்போது கேட்பார்கள், விபத்து ஏற்பட்டால் அதைவிடப் பெரிய கேள்வி. 90 நாளுக்கு மேல் விட்டுப்போனால், இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக இதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். புது எண் வந்ததும் ஆர்.சி. நகலோடு நிறுவனத்துக்கு எழுதினால், பாலிசியில் எண்ணையும் முகவரியையும் திருத்தி எண்டார்ஸ்மென்ட் தருவார்கள். போனஸ் அப்படியே தொடரும்.

ஃபாஸ்டேக்குக்கும் இதே வேலை உண்டு. அது பழைய எண்ணோடு இணைந்தது. புது எண் வந்தபின் பழையதை அப்படியே விட்டுவைத்தால், சுங்கச்சாவடிக் கேமராவில் ஓர் எண்ணும் ஸ்டிக்கரில் வேறோர் எண்ணும் வரும். வழங்கிய வங்கியில் எண்ணை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் மூடி, மிச்சப் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புது எண்ணில் வேறு வாங்குங்கள். மூடும் முன் ஜூன் மாதக் குறிப்பில் சொன்ன சுங்கச்சாவடிக் கணக்கை இறக்கிவிடுங்கள், கணக்கு மூடிய பிறகு பார்க்க முடியாமல் போகலாம்.

தம்பியின் அபராதத்தைத் தம்பியிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.